சின்னமனூர்க்காரர் கேட்ட 'ஏன்?'

தேனியில் கம்பம் பஸ் ஏறினால், வீரபாண்டி தாண்டி, வயலும் வாழையும் தென்னையுமாக ஓடும் சாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் சின்னமனூர் வந்துவிடும். தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் இந்த ஊரின் பெயரைத் தங்களை அறியாமலே ஆயிரம் தடவை உச்சரித்திருப்பார்கள். சி.சு. செல்லப்பா என்ற பெயரில் 'சி' என்பது சின்னமனூர். 'சு' என்பது அப்பா சுப்பிரமணியம். 1912இல் பிறந்தார். வளர்ந்தது பெரியகுளத்துக்குக் கிழக்கே இருக்கும் வத்தலக்குண்டில். தமிழின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யரும், 'மணிக்கொடி' பத்திரிகை பி.எஸ். ராமையாவும் அதே வத்தலக்குண்டுக்காரர்கள். ஒரு சின்ன ஊர் மூன்று எழுத்தாளர்களைக் கொடுத்ததற்கு அங்குள்ள தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு இங்கே வேண்டியது செல்லப்பா மட்டும்.

கதை படித்து முடித்தவரிடம் "எப்படி இருந்துச்சுண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதில்கள் அதிகம் போனால் நாலைந்து. நல்லாருக்கு. சப்புன்னு இருக்கு. ஒரே இழுவை. கடைசியில அழுதுட்டேன். அதற்கு மேல் ஒரு 'ஏன்' போட்டால் பலர் தலையைச் சொறிவார்கள். சிலருக்குக் கோபம் வரும். செல்லப்பா வாழ்நாள் முழுக்க அந்த 'ஏன்' ஒன்றைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

1959 ஜனவரியில் அவர் ஆரம்பித்த 'எழுத்து' பத்திரிகை 1970 வரை, 119 இதழ்கள் வந்தது. புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த பத்திரிகை என்றுதான் அதைப் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் அதைத் தொடங்கியதே விமர்சனத்துக்காக. ஒரு படைப்பு பிடித்தது, பிடிக்கவில்லை என்றால், அதன் எந்தப் பகுதி, எந்தச் சொல், எந்த அமைப்பு அப்படிச் செய்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்றார். 'அலசல்' என்பது அவருடைய சொல். துணியை அலசுவது போல.

எதிர்ப்பக்கம் க.நா. சுப்ரமண்யம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. உலக நாவல்களையெல்லாம் கரைத்துக் குடித்தவர். நிறையப் படித்துப் படித்துப் பழகிய ரசனைதான் அளவுகோல், அது சொன்னால் போதும் என்பது அவர் கட்சி. இது நல்ல நாவல், இது இல்லை என்று பட்டியல் போடுவார். அநேகமாக அந்தப் பட்டியல் சரியாகவும் இருக்கும். செல்லப்பாவுக்கு அது போதவில்லை. இந்தச் சண்டை தமிழ் விமர்சகர்களிடம் இன்னும் தீரவில்லை. அதே சண்டை வேறு பெயர்களில் மனோதத்துவ ஆய்வுக்கூடங்களிலும் நடந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

இன்னும் ஒரே ஒரு சுற்று. சின்னமனூருக்கு வேறொரு பெருமை உண்டு: சின்னமனூர்ச் செப்பேடுகள். அவற்றில் பெரியது, பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் ராஜசிம்மன் காலத்தது. அந்த மன்னனின் முன்னோர்கள் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அது பெருமையோடு பேசுகிறது. சங்கம் என்றால் என்ன? புலவர்கள் கூடி, ஒரு நூல் நன்றா இல்லையா என்று தீர்மானிக்கும் சபை. வாசகர் கருத்துக்கு அரச மரியாதை கிடைத்த இடம்.

அந்தச் சபையைப் பற்றி இறையனார் களவியல் உரையில் வரும் கதை எனக்கு எப்போதும் பிடித்தது. ஆலவாய்க் கடவுள் அறுபது நூற்பாக்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்துக்கடியில் வைத்துவிட்டார். புலவர்கள் ஆளுக்கொரு உரை எழுதினார்கள். எது சரியான உரை என்பதில் தகராறு. நடுவராக இருக்க வேண்டும் என்று கேட்டு அவர்கள் போய் அழைத்து வந்தது யாரை? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனை. ஐந்து வயதுப் பிள்ளை. பேச்சு வராது. அவனை மேலே உட்காரவைத்து ஒவ்வொருவராக உரையை வாசித்தார்கள். பிள்ளை சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் அவனுக்குக் கண்ணீர் வந்தது, மெய் சிலிர்த்தது. நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் சிலிர்த்தது. தீர்ப்பு முடிந்துவிட்டது.

இது நடந்த கதை என்று யாரும் சாதிக்க மாட்டார்கள். ஆனால் இதைக் கட்டியவர் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார். நடுவர் சிறு பிள்ளை. ஆகவே யாருக்கும் கடமைப்பட்டவன் இல்லை. பேச மாட்டான், ஆகவே பொய் சொல்ல வழியில்லை. அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட சாட்சியம், அநேகமாக எந்த மனிதனும் வேண்டுமென்று செய்ய முடியாத ஒன்று.

புல்லரிப்பு அப்படிப்பட்டதுதான். தோலுக்கடியில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு நுண்ணிய தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையை மடக்குகிற மாதிரி அதை நாம் மடக்க முடியாது. குளிரிலும் பயத்திலும் வியப்பிலும், நம்மைக் கேட்காமலே இயங்கும் நரம்பு மண்டலம் அதை இழுக்கிறது. மயிர் குத்திட்டு நிற்கிறது. உடம்பெல்லாம் ரோமம் உள்ள பூனைக்கு அதனால் கதகதப்பும் கிடைக்கும், எதிரிக்கு முன்னால் உருவமும் பெரிதாகத் தெரியும். நமக்கு ரோமம் போய்விட்டது. தசை மட்டும் மிச்சம். நமக்குக் கதகதப்பும் தராத, உருவத்தையும் பெரிதாக்காத அந்தத் தசை, காளிதாசனுக்கும் கம்பனுக்கும் வேலை செய்கிறது.

ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில், கலை ரசனையை ஆராய்வதற்கென்றே மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்களும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். 27 பேரை உட்காரவைத்துக் கவிதைகளை வாசித்துக் காட்டினார்கள். பாதிக் கவிதைகள் அவரவர் விரும்பித் தேர்ந்தவை. தோலின் மேல் ஒரு சின்னக் கேமராவைப் பொருத்தி, மயிர் எழும் கணத்தைப் படம் பிடித்தார்கள். சிலிர்ப்பதாகத் தோன்றினால் அழுத்த ஒரு பொத்தானும் கையில். எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் பொத்தானை அழுத்தினார்கள். ஆனால் கேமராவில் பதிவாகும்படி உண்மையிலேயே மயிர் எழுந்தது ஐந்தில் இரண்டு பேருக்குத்தான். சங்கப் புலவர்கள் பேசாத பிள்ளையைத் தேடிப் போனதன் நியாயம் இங்கே புரிகிறது.

அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது வேறு. சிலிர்ப்பு கண்ட இடத்தில் வரவில்லை. வரி முடிகிற இடம், பத்தி முடிகிற இடம், கவிதையே முடிகிற இடம் என்று முடிவுகளில் போய்க் குவிந்தது. அதுமட்டுமில்லை. சிலிர்ப்புக்குச் சில விநாடிகள் முன்னாலேயே மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி விழித்துக்கொண்டது. ஏதோ வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகிறது. சிறுகதையின் கடைசி வரிக்கு எழுத்தாளர்கள் ஏன் உயிரை விடுகிறார்கள் என்று இனிமேல் கேட்க வேண்டாம்.

ஆக, க.நா.சு. உருத்திரசன்மன் கட்சி. ரசனை சிலிர்க்கும், அதுவே தீர்ப்பு. அப்படியானால் செல்லப்பாவின் 'ஏன்' என்ன ஆகிறது? ஏன் பிடித்தது என்று வாசகனுக்குத் தெரியுமா?

தெரியாது என்று சொல்கிறது 1977இல் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமோத்தி வில்சன் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள். நாம் ஒரு காரியத்தைச் செய்ததற்கோ ஒன்றை விரும்பியதற்கோ சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னவை இல்லை, வெளியிலிருந்து ஊகித்துச் சொன்னவை என்பது அவர்கள் வாதம். அதற்காகச் செய்த பல சோதனைகளில் ஒன்று, வாசகர் கருத்து பற்றியே. ஜான் அப்டைக்கின் 'ராபிட், ரன்' நாவலில் ஒரு பகுதி: குடிபோதையில் இருக்கும் தாய் தன் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது கைதவறித் தண்ணீரில் விட்டுவிடுகிறாள், குழந்தை இறந்துபோகிறது. படிக்கிறவர் நெஞ்சைப் பிசையும் இடம். ஆய்வாளர்கள் அதிலிருந்து இரண்டு சின்ன வர்ணனைகளை மட்டும் உருவி எடுத்தார்கள். ஒன்று குழந்தையின் தோற்றம், மற்றொன்று அதன் தொட்டில் கிடந்த அலங்கோலம். சிலருக்கு இரண்டு வர்ணனையும் இருக்கும் பிரதி, சிலருக்கு ஒன்று, சிலருக்கு ஒன்றுமே இல்லாத பிரதி. எவ்வளவு பாதித்தது என்று கேட்டபோது எல்லாக் குழுக்களின் பதிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அந்த வர்ணனைகள் இருந்ததாலோ இல்லாததாலோ எந்த மாற்றமும் காணவில்லை.

பிறகுதான் வேடிக்கை. வர்ணனைகளைப் படித்தவர்களிடம், "இந்த வரிகள் உங்களை மேலும் பாதித்தனவா?" என்று கேட்டார்கள். ஆமாம், பாதித்தன என்றார்கள். படிக்காதவர்களிடம் அதே வரிகளைக் காட்டி, "இவை இருந்திருந்தால் பாதித்திருக்குமா?" என்று கேட்டார்கள். ஆமாம், பாதித்திருக்கும் என்றார்கள். படித்தவரும் படிக்காதவரும் ஒரே பதில்! அப்படியென்றால் படித்தவர் சொன்னது அனுபவத்தின் சாட்சியம் இல்லை. இப்படிப்பட்ட வரி இப்படித்தான் செய்யும் என்ற பொதுவான நம்பிக்கை. நாம் எழுதும் மதிப்புரைகளில் இப்படி எத்தனை வரிகள் இருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நானும் பல நாவல்களின் "உயிரோட்டமான வர்ணனை"யைப் பாராட்டியவன்தான்.

வில்சன் இதோடு விடவில்லை. 1991இல் ஸ்கூலர் என்பவரோடு சேர்ந்து ஸ்ட்ராபெரி ஜாமை வைத்து இன்னொரு சோதனை செய்தார். சுவை நிபுணர்கள் முன்பே தரவரிசைப்படுத்திய ஐந்து ஜாம்களைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். சும்மா நக்கிப் பார்த்து மதிப்பெண் போட்டவர்கள் நிபுணர்களோடு ஓரளவு ஒத்துப்போனார்கள். ஏன் பிடிக்கிறது என்று காரணம் எழுதச் சொல்லப்பட்டவர்கள் குழம்பிப்போனார்கள். க.நா.சு. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பார்.

செல்லப்பா தோற்றுவிட்டார் என்றுதான் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே இரண்டு 'ஏன்'கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. என் மனசுக்குள் என்ன நடந்தது என்பது ஒரு 'ஏன்'. அதைச் சரிபார்க்க யாராலும் முடியாது. என்னாலும் முடியாது என்று நிஸ்பெட்டும் வில்சனும் காட்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது இன்னொரு 'ஏன்'. நான் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினால் நீங்கள் அதே வரியைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே நான் சொல்வது இல்லை என்று மறுக்கலாம். அலசல் கேட்டது இந்த இரண்டாவது காரணத்தை.

அது எவ்வளவு அவசியம் என்பதை 1920களில் கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் காட்டியிருந்தார். கவிஞர் பெயரை மறைத்துப் பதின்மூன்று கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, மனதில் பட்டதை எழுதித் தரச் சொன்னார். படித்த பிள்ளைகள், இலக்கிய மாணவர்கள். பெயர் இல்லாததும் கரையில்லாத ஆற்றில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. பெரிய கவிஞர்கள் சிலர் செம்மையாக அடி வாங்கினார்கள். சுமாரான கவிதைகள் சில கொண்டாடப்பட்டன. காரணங்களைப் படித்துப் பார்த்த ரிச்சர்ட்ஸ், பலருக்கு ரசனைக் கோளாறு இல்லை, வாக்கியத்தின் நேர்ப்பொருளே புரியவில்லை என்று கண்டார். புரியாத ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். வேறு சிலர், பாடுபொருளைப் பார்த்ததும் மனதில் ஏற்கெனவே தயாராக இருந்த ஒரு உணர்ச்சியை எடுத்துக் கவிதைமேல் ஊற்றியிருந்தார்கள். 1929இல் இதைப் புத்தகமாக்கினார். காரணம் எழுதச் சொல்லாமல் மதிப்பெண் மட்டும் வாங்கியிருந்தால் இந்தத் தவறு எதுவும் வெளியே வந்திருக்காது.

சரி, வரியைப் புரிந்துகொண்ட இரண்டு பேருமே ஏன் வேறு வேறாகச் சொல்கிறார்கள்? இதற்குச் செல்லப்பாவின் புத்தகமே உதாரணம். 'வாடிவாசல்' குறுநாவல், எழுத்து தொடங்கிய அதே 1959இல் வந்தது. பிச்சி என்ற இளைஞன், தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரி என்ற ஜமீன்தார் காளையை அடக்க வருகிறான். ஒரு மாலைப் பொழுது, ஒரு திடல், கதை அவ்வளவுதான். சின்னமனூர் பக்கம் பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் ஜல்லிக்கட்டு நடக்கும். அங்கே வாடியில் நின்று திமிலைத் தழுவியவர் படிக்கும் வாடிவாசலும், காளையை டிவியில் மட்டும் பார்த்தவர் படிக்கும் வாடிவாசலும் ஒரே புத்தகமா?

காளையை வைத்து யாரும் சோதிக்கவில்லை. ஐஸ் ஹாக்கியை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். 2008இல் சயான் பைலாக் என்பவரும் கூட்டாளிகளும், ஹாக்கி வீரர்கள், ஆடாமல் பார்க்க மட்டும் செய்யும் ரசிகர்கள், இரண்டும் தெரியாதவர்கள் ஆகிய மூன்று வகையினருக்கு ஹாக்கி பற்றிய வாக்கியங்களைக் கேட்கக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். வீரர்களும் ரசிகர்களும் வாக்கியத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு உதவியது, கைகால் அசைவைத் திட்டமிடுகிற மூளைப் பகுதி. சும்மா உட்கார்ந்து ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதே உடம்பு உள்ளுக்குள் ஆட ஆரம்பித்துவிடுகிறது. ஆடியவருக்கு மட்டுமில்லை, ஆண்டாண்டாகப் பார்த்தவருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "பிடி, பிடி, விட்றாத!" என்று கத்துகிற மாமாவும் பாதி மாடுபிடி வீரர்தான் என்று இதற்கு அர்த்தம். பிச்சி திமிலில் தாவும் வரியில் அவருடைய தோள் இறுகும், எனக்கு இறுகாது. இரண்டு பேரும் 'நல்லாருக்கு' என்றே சொல்வோம். அது ஒரே கருத்து இல்லை.

அனுபவம்கூட வேண்டாம், எந்தக் கண்ணோடு படிக்கிறோம் என்பதே போதும். 1977இல் பிச்சர்ட், ஆண்டர்சன் என்ற இருவர் ஒரு சின்னக் கதையை எழுதினார்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள், ஆளில்லாத ஒரு வீட்டைச் சுற்றி வருகிறார்கள். கதையில் கூரை ஒழுகுவது வருகிறது, நாணயச் சேகரிப்பு வருகிறது, கலர் டிவி வருகிறது. பாதிப் பேரிடம் வீடு வாங்க வந்தவராக நினைத்துப் படியுங்கள் என்றார்கள். மீதிப் பேரிடம் திருடனாக நினைத்துப் படியுங்கள் என்றார்கள். வாங்க வந்தவருக்கு ஒழுகும் கூரை ஞாபகத்தில் நின்றது. திருடனுக்கு டிவி நின்றது. அடுத்த ஆண்டு வெளியிட்ட தொடர்ச்சியில், ஒருமுறை நினைவுகூர்ந்து முடித்தவர்களிடம் வேடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கதையைத் திரும்பக் கொடுக்கவில்லை. ஆனாலும் முதல் தடவை மறந்துபோன விவரங்கள் சில இப்போது எழுந்து வந்தன! கூரை உள்ளே இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் சும்மா கிடந்திருக்கிறது.

இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வைகை அணைதான் ஞாபகம் வரும். எழுத்தின் முதல் இதழ் வந்த அதே 1959 ஜனவரியில்தான் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் அந்த அணை திறக்கப்பட்டது. மதுரைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் போயின. மூழ்கிய ஊர்களில் ஒன்று மெட்டூர்; அங்கே பிறந்த ஒரு சிறுவன் குடும்பத்தோடு வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தான். அந்தச் சிறுவன்தான் வைரமுத்து; நாற்பது ஆண்டு கழித்து அவர் அதை 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆக்கினார். பேயத்தேவர் என்ற சம்சாரியின் கதை. அதற்கு 2003இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

இந்த நாவலை இலக்கிய வட்டத்தில் சிலர் தலையில் வைத்துக்கொண்டார்கள். சிலர் மிகைநவிற்சி, கண்ணீர் ஜாஸ்தி என்று ஒதுக்கினார்கள். இரு தரப்பும் கெட்டிக்காரர்கள்தான். நான் பார்ப்பது இதை: அணைத் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த மதுரைக்காரருக்கு அந்த அணை பெருமை. பேயத்தேவரைப் போல ஊரை இழந்தவருக்கு அதே அணை சவப்பெட்டியின் மூடி. வீடு வாங்க வந்தவரும் திருடனும் போல, ஒரே அத்தியாயத்தில் இருவரும் எடுக்கும் விவரங்கள் வேறு. 'கண்ணீர் ஜாஸ்தி' என்பது நூலின் அளவா, வாசகனின் கொள்ளளவா என்பதைச் செல்லப்பா மாதிரி வரியைக் காட்டிப் பேசினால்தான் தீர்க்கலாம்.

குழந்தைகள் இந்தத் தகராறுக்கெல்லாம் வெளியே இருக்கிறார்கள். அவர்களுடைய மதிப்புரை ஒரே சொல்: "இன்னொருக்கா." அதே நரி, அதே காக்கா, அதே வடை. படித்துக் காட்டுகிறவருக்குக் கொட்டாவி. பிள்ளைக்குக் கண் விரியும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சில பிள்ளைகளுக்கு ஒரே கதைகள் திரும்பத் திரும்ப. சிலருக்கு ஒவ்வொரு தடவையும் புதுக் கதை. கதைகளில் வந்த புதுச் சொற்களை இரு சாராரும் ஒரே எண்ணிக்கையில்தான் கேட்டார்கள். ஒரே கதையைக் கேட்டவர்களே சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். காரணம் எளிது. முதல் தடவை 'அப்புறம் என்ன?' என்பதே பிள்ளையின் முழுக் கவனத்தையும் தின்றுவிடும். மூன்றாவது தடவை அந்தப் பாரம் இறங்கிவிடுகிறது. ஓரத்தில் கிடந்த சொல் கண்ணில் படுகிறது.

பெரியவர்களும் அப்படித்தானோ என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. 2011இலேயே சான் டியாகோவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் பன்னிரண்டு சிறுகதைகளைக் கொடுத்து, சிலருக்கு முடிவை முன்பே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்தவர்களே கதையைக் கூடுதலாக ரசித்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் மாறாகச் சொல்லின, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேனிப் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்ளாமல் போய்விடுவானோ என்று பயந்து ஒருவரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவதில்லை. நாரதரும் வள்ளியும் இன்று எப்படித் தர்க்கம் பண்ணுகிறார்கள் என்பதற்காக உட்காருகிறார்கள். அந்தக் கூட்டம் முழுக்க அலசல் விமர்சகர்கள். போன வருடத்து வள்ளியையும் இந்த வருடத்து வள்ளியையும் பாட்டுக்குப் பாட்டு ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

விருதுகள் பற்றி ஒரு வார்த்தை. பரிசு வாங்கிய நூல்களுக்கும் இறுதிப் பட்டியலோடு நின்றுபோன நூல்களுக்கும் வாசகர்கள் போட்ட மதிப்பெண்களைக் கோவாக்ஸ், ஷார்க்கி என்ற இருவர் 2014இல் ஒப்பிட்டார்கள். பரிசு கிடைத்த பிறகு வாசகர் கூட்டம் கூடுகிறது, மதிப்பெண் இறங்குகிறது. புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. வழக்கமாக அந்த வகை நூலைத் தொடாதவர்கள் பரிசுக்காக வாங்கிப் படித்து ஏமாந்துபோகிறார்கள். வாசிப்பைப் பற்றிய பெரிய பேச்சுகளிலும் இதே ஏமாற்றம் உண்டு. நாவல் படித்தால் பிறர் மனம் புரியும், சில நிமிடங்களிலேயே புரியும் என்று 2013இல் ஒரு ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது பெரும்பாலும் அது நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கதை படிக்கிறவர்கள் பிறர் மனதை ஊகிப்பதில் சற்றே தேர்ந்தவர்களாக இருக்கிறார்கள் என்பது மட்டும் மிஞ்சுகிறது. அதிலும் எது முதல், எது பின் என்று தெரியாது. அப்படிப்பட்டவர்கள்தான் கதை படிக்க வருகிறார்களோ என்னவோ.

செல்லப்பா 1998இல் காலமானார். அவருடைய 'சுதந்திர தாகம்' நாவலுக்கு 2001இல் சாகித்ய அகாதமி விருது கொடுத்தார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அவர் தன் பிரசுரங்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. பிராங்பர்ட் கேமராவை ஒரு நாள் வடுகபட்டிக்குக் கொண்டுவர வேண்டும். பூண்டுச் சந்தை கலைந்து, தோல் பறக்கும் ஒரு மாலையில், ஊரை விட்டு வந்த பெரியவர் ஒருவரையும் சென்னையிலிருந்து ஒரு வாசகரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, தண்ணீர் ஏறும் அந்தக் கடைசி அத்தியாயத்தை உரக்க வாசிக்க வேண்டும். எந்த வரியில் யார் கையில் மயிர் எழுகிறது என்று பார்த்துவிட்டு, அதே வரியைக் காட்டி ஏன் என்று இருவரிடமும் கேட்க வேண்டும். செலவு அதிகம் ஆகாது. நேரம்தான் குறைவு. அணை திறந்த வருடம் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது.